தரை ஈரமான கடையாகப் பார்த்து நுழையுங்கள்

நான் இப்போது குடியிருக்கும் ஊரில், சாப்பாட்டுக் கடையின் தரை நசநசவென்று ஈரமாக இருந்தால் அது நல்ல கடை. ஸ்பெயினின் வடக்கே, ஒவியேதோ என்ற பழைய நகரம் இது. எங்கள் நாட்டுத் தைப்பிங் மாதிரி எந்நேரமும் மழை. ஆனால் கடைக்குள் இருக்கும் ஈரம் மழையால் வந்ததல்ல, சாப்பிட வந்தவர்கள் வேண்டுமென்றே ஊற்றியது. வந்த புதிதில் காலணி தரையில் ஒட்டிச் சப்புச் சப்பென்று சத்தம் போட, இத்தனை படித்த ஜனங்களுக்குத் தரை துடைக்கத் தெரியாதா என்று நினைத்தேன். இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் நானே சொல்கிறேன்: தேவாலயத்துக்குப் பக்கத்தில் படம் போட்ட மெனுவை நீட்டும் கடைகளை விடுங்கள். தரையைப் பார்த்து நுழையுங்கள்.

தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் இருந்த நான், உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி வேலைக்காக இங்கே வந்தேன். ஒரு வருஷம் கழித்து மனைவி ரேவதி வந்து சேர்ந்தாள். அவள் ஈப்போக்காரி. சாப்பாட்டு விஷயத்தில் ஈப்போக்காரர்களைத் திருப்திப்படுத்துவது எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்குத் தெரியும். பெட்டி நிறைய மிளகாய்ச் சம்பாலும் நெத்திலியும் கொண்டுவந்திருந்தாள். அது தீர்ந்த அன்று நிதானமாகச் சொன்னாள்: "தீவாளிக்கு ஊருக்குப் போறோம்ல. அதுக்குள்ள இந்த ஊரு எனக்குப் பிடிக்கலன்னா நான் அங்கயே இருந்துக்கிறேன். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

அவளில்லாமல் இன்னொரு வருஷம் என்னால் முடியாது. அன்றிலிருந்து சனி ஞாயிறெல்லாம் அவளை இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். மாடும் பன்றியும் அவள் தொடமாட்டாள் என்பதால் இந்த ஊரின் பாதிப் பெருமை முதலிலேயே கழிந்தது. இவர்கள் கொண்டாடும் காப்ராலெஸ் சீஸை முகர்ந்துவிட்டு, "நம்ம இறால் பெலாச்சான் நாத்தமே எவ்வளவோ தேவலாம்" என்றாள். நான் விடவில்லை. பெரிய வெள்ளை மொச்சையைச் சிப்பியோடு வேகவைத்த குழம்பு வந்தது. மொச்சை வாயில் போட்டதும் கரைந்தது, அவள் தட்டை வழித்துத் துடைத்தாள். அடுத்த வாரம் சோள மாவில் தட்டிப் பொரித்த தோர்தோஸ், கிட்டத்தட்ட நம் பூரிக்குத் தம்பி முறை. பிறகு அரிசிப் பாயசம், மேலே சர்க்கரையைத் தூவிப் பொசுக்கியது. "நம்ம ஊர்ல பாயசம் அடிப்பிடிக்கும். இங்க மேல பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாள். எனக்குக் கோல் போட்ட மாதிரி இருந்தது.

அந்தத் தைரியத்தில்தான் அவளைக் கஸ்கோனா தெருவுக்குக் கூட்டிப்போனேன். தெரு முழுக்கச் சீத்ரா கடைகள். சீத்ரா என்பது ஆப்பிளைப் புளிக்கவைத்த பானம், லேசாகப் போதை தரும். மாமியாரிடம் ஆப்பிள் ஜூஸ் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறோம். எங்களுக்குப் பரிமாற வந்தவர் பெலாயோ. போத்தலைத் தலைக்கு மேல் தூக்கி, கண்ணாடிக் குவளையை இடுப்புக்குக் கீழே பிடித்து, வேறெங்கோ பார்த்தபடி ஒரே கோடாக ஊற்றினார். ரேவதி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "என்னாங்க, தே தாரிக் டீ இழுத்து ஆத்துற அண்ணே மாதிரியே இருக்காருலா."

ஒரு மேசைக்கு ஒரே குவளை. அடியில் கொஞ்சமாக ஊற்றுவார்கள், நுரை அடங்குவதற்குள் குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தர வேண்டும். பெலாயோ முதலில் ரேவதியிடம் நீட்டினார். பலர் குடிக்கும் குவளை என்றதும் நம்மில் யாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டாள். பெலாயோவின் முகம் சுருங்கியது. குவளையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "சூஸியோ?" என்றார். அழுக்காக இருக்கிறதா என்று கேட்கிறார். உள்ளே போய்ப் புதுக் குவளை கொண்டுவந்து எங்கள் எதிரிலேயே துடைத்து ஊற்றினார். ரேவதி மறுபடியும் அண்ணாந்தாள். இப்போது அவருக்கு உண்மையிலேயே மனம் வலித்துவிட்டது. பக்கத்து மேசைகளும் பார்த்தன.

"நான் என்னங்க தப்பு செஞ்சேன்?" அவள் கண் கலங்கிவிட்டது. போச்சு, தீபாவளியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பையன்கள் நாங்கள் பந்து விளையாடிய காலத்தில், மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே தண்ணீர்ப் போத்தல்தான். வாய் வைத்தவன் தலையில் குட்டு விழும். பின்னால் நிற்பவனும் குடிக்க வேண்டுமே. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, நாங்களும் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டோம். அண்ணாந்து குடிப்பது மட்டும் போகவில்லை. இதை என் அரைகுறை ஸ்பானிஷில் பெலாயோவிடம் சொன்னேன். அழுக்கு என்பதால் அல்ல, அடுத்தவருக்கான மரியாதை என்றேன். அவர் கேட்டுக்கொண்டு, தனக்கே கொஞ்சம் ஊற்றி, விளிம்பில் வாய் வைத்துக் குடித்தார். மிச்சத்தை, உதடு பட்ட அதே பக்கமாகச் சாய்த்துத் தரையில் வீசினார். உதடு பட்ட இடம் சுத்தமாயிற்று. "அடுத்தவருக்காக" என்றார் அவரும்.

அந்த ஈரத் தரை எதனால் என்று அன்றுதான் புரிந்தது. ரேவதி வாய் வைத்துக் குடித்து, மிச்சத்தை நேராக என் காலணியில் வீசினாள். பிறகு பெலாயோவை அண்ணாந்து குடிக்கச் சொன்னாள். அவர் சட்டையெல்லாம் நனைந்தது, கடையே கைதட்டியது. அங்கிருந்தே வீடியோ காலில் அம்மாவுக்கு அந்தத் தரையைக் காட்டி, மிச்சத்தை வீசும் வழக்கத்தைச் சொன்னாள். "ஐயே, அங்க எப்படித்தான் உக்காந்து சாப்பிடுறீங்களோ" என்று மாமியார் முகம் சுளித்தார். அதன்பின் சனிக்கிழமைகளில் எனக்கு முன்னால் அவள் கிளம்பி நிற்பாள். ஆனால் தீபாவளிப் பேச்சை அவள் எடுக்கவில்லை. கேட்க எனக்குப் பயம்.

தீபாவளி வந்தது. ஈப்போவில் மாமியார் வீடு, ஆட்டுக்கறி, சொந்தபந்தம். சாப்பாட்டுக்கு நடுவில் மாமியார் சொன்னார்: "ரேவதி, நீ இங்கயே இருந்துடும்மா. மாப்ள வேலைய முடிச்சிட்டு வரட்டும்." என் கை இலையிலேயே நின்றுவிட்டது. ரேவதி தண்ணீர்ச் செம்பை எடுத்து, அண்ணாந்து, உதடு படாமல் குடித்தாள். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. யோசிக்காமல் செம்பைச் சாய்த்து, பண்டிகைக்காகத் துடைத்து வைத்திருந்த தரையில் வீசினாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் திகைத்துப்போய்த் தரையைப் பார்த்தாள். மாமியார் எழுந்து பழந்துணி கொண்டுவந்து, குனிந்து துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான் கேட்டார்.

"திரும்பிப் போற டிக்கெட்டு எந்தத் தேதிம்மா?"