நாற்பது டிகிரியில் எடுத்த அளவுகள்

தனப்பிரியா பரமத்தி வேலூர்க்காரி. திருச்செங்கோடு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வும் செய்துவந்தாள். எடுத்துக்கொண்ட பொருள் குரோமியம் ஆக்சைடு. அதிலுள்ள குரோமிய அணு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். பக்கத்து அணு அதற்கு நேர் எதிராகத் திரும்பி நிற்கும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுவதால் வெளியே ஓர் ஊசியைக்கூட இழுக்காது. ஆனால் மேலே பூசிய பிளாட்டினப் படலத்தில் ஓடும் எலெக்ட்ரான்களின் சுழற்சி அந்த வரிசையை உணரும். மின்தடை துளி மாறும். வெப்பம் முப்பத்து நான்கு டிகிரியைத் தாண்டினால் வரிசை குலைந்து, மாற்றமும் அநேகமாக மறைந்துவிட வேண்டும்.

அவளுக்கு மறையவில்லை. நாற்பதிலும் அப்படியே இருந்தது. ஸ்டீல் இடுக்கியிலிருந்து இரும்புத் துகள் ஒட்டியிருக்கும், அதன் காந்தம்தான் அளவில் தெரிகிறது என்று அன்றே சந்தேகம் வந்தது. கட்டுரை அனுப்ப நான்கு நாள்தான் பாக்கி. வரைபடத்தை முப்பத்து மூன்றோடு நிறுத்திவிட்டாள். கட்டுரை வெளியானதும் கல்லூரி வாசலில் அவள் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.

மறு வருடம் நாமக்கல்லில் ஒரு கருத்தரங்கு. சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண் தேடி வந்தாள். சேலத்தில் ஆய்வு மாணவி, பெயர் யாழினி.

“உங்க கட்டுரைய வச்சுத்தானுங்க அக்கா ஆரம்பிச்சேன். எட்டு மாசமாச்சு, நீங்க சொன்ன அளவு ஒருக்காகூட வரலீங்க. என் கையில சுத்தமில்லைன்னு எங்க சார் சொல்றாருங்க. நீங்க எப்படிங்க செஞ்சீங்க?”

“பொறுமையா செஞ்சாப் போதும் கண்ணு.”

யாழினி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். தனப்பிரியா சாப்பிடாமலே பஸ் ஏறினாள்.

அந்த வாரமே புதுப் படலம் எடுத்து, பிளாஸ்டிக் இடுக்கியால் பிடித்து அளந்தாள். மாற்றம் கட்டுரையில் போட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முப்பத்து நான்கில் அதுவும் அடங்கிவிட்டது. நெறியாளர் அர்த்தநாரியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் இதழுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

“கவனக்குறைவுன்னு எழுதிரலாமா?”

“வேண்டாங்க சார். தெரிஞ்சேதானுங்க மறச்சேன்.”

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ஆசிரியர் அறையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். யாழினிக்குப் போன் செய்யத்தான் மூன்று நாளானது.

“உன் கையில தப்பில்ல கண்ணு. நாந்தான் மறச்சுட்டேன்.”

“அன்னிக்கு நேர்ல கேட்டனேங்க அக்கா. அப்பவே சொல்லியிருக்கலாமுங்க.” போன் வைக்கப்பட்டது.

அடுத்த வருடம் யாழினியின் கட்டுரை வந்தது. அவள் எட்டு மாதமும் எடுத்த சின்ன அளவுகள்தான் சரி. தனப்பிரியா கடைசிப் பக்கத்துக்குப் போய், நன்றி சொன்ன இடத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. தேடியதற்காகக் கூசிப்போனாள்.