மாலை ஏறாத படம்

பெட்ரோல் வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஆயுத பூசையன்று மலாக்காவின் காஜா பேராங்கில் என் சித்தப்பாவின் "வொர்க்‌ஷாப்பு" இருந்த மாதிரி இருக்கும் என்பேன். அங்கே முருகனுக்குப் பக்கத்துச் சுவரில், தோல் தொப்பியும் நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடியுமாக ஒரு கறுப்பு அமெரிக்கர் பந்தயக் காரில் சாய்ந்து நிற்பார். கப்பலில் வேலை பார்த்த சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்த பத்திரிகைப் படம், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியது. பெயர் இருந்த ஓரம் கிழிந்துபோனதால் எங்களுக்கெல்லாம் அவர் "அமெரிக்கா அண்ணன்".

வெள்ளைக்காரர் பந்தயத்தில் சேர்த்துக்கொள்ளாததால், பழைய இரும்பில் தானே கார் கட்டி, தன்னைப் போன்ற கறுப்பர்களோடு மண் தடத்தில் ஓட்டிப் பெயரெடுத்தவர் என்று சித்தப்பா சொல்வார். எங்கள் ஊர்ப் பந்தயத்திலும் அப்போதெல்லாம் தமிழர்கள் வண்டியைப் பழுதுபார்க்கலாம், தள்ளிவிடலாம், ஓட்ட மட்டும் முடியாது. "நம்ம கை படலாமாம், காலுதான் படக்கூடாதாம்" என்று தரையை ஒரு மிதி மிதித்துக் காட்டுவார்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று பந்தயம் நடத்துகிறவர்கள் அறிவிக்க, சித்தப்பா பெயர் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சித்தி அவரோடு பேசுவதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத்தான், "மீன் கொழம்பு ஆறுதுன்னு உன் சித்தப்பாகிட்ட சொல்லு" என்பார்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் ஆயுத பூசை. ஸ்பேனர்களுக்குச் சந்தனம் வைத்து, சித்தப்பா ஓட்டப்போகும் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. கும்பிட நிமிர்ந்தால், அமெரிக்கா அண்ணன் படத்தில் மல்லிகை மாலை தொங்குகிறது. சாமி படத்துக்குப் போடலாம். மனிதர் படத்துக்குப் போட்டால் ஆள் போய்விட்டார் என்றுதானே நம்மிடையே அர்த்தம். தமிழ் பேசத் தெரியாத பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அண்ணனுக்கே அது புரிந்து, "சுடா மாத்தி கா?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார், செத்துவிட்டாரா என்று.

"செத்துட்டாருன்னு யாரு சொன்னா?" என்றார் சித்தப்பா.

"இந்த ஓட்டு ஓட்டினவரு உயிரோடவா இருப்பாரு?" மாலையைப் போட்ட சித்தி, இத்தனை நாளுக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்காரு. வயசாயிருச்சுன்னு ஓட்டுறத விட்டுட்டு, நம்மள மாதிரி வொர்க்‌ஷாப்பு வச்சிருக்காராம். பேரப்புள்ளைங்க வேற."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க பேசின?"

சித்தி மாலையைக் கழற்றினார். கீழே போட மனமில்லாமல் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, சித்தப்பாவின் காரின் முன்பக்கத்தில் கட்டினார். "இது வண்டிக்கு. ஆளுக்கு இல்ல. ஞாபகம் இருக்கட்டும்."

சித்தப்பா கடைசிக்கு முந்தினவராக வந்தார். அதனால் என்ன, செமாபோக்கிலிருந்தும் புக்கிட் ரம்பாயிலிருந்தும் வந்து சாலையோரம் நின்ற நம் சனம் "ஓட்டுறது நம்மாளு லா" என்று தொண்டை கட்டும்வரை கத்தியது. சித்தி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும், "வந்துட்டாரா, வந்துட்டாரா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வொர்க்‌ஷாப்பு இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. சித்தப்பா படத்துக்கும் சித்தி படத்துக்கும் மாலை ஏறிப் பல வருடம் ஆகிறது. அமெரிக்கா அண்ணன் என் வீட்டுச் சுவரில் இருக்கிறார். வயதைப் பார்த்தால் அவரும் போயிருக்கத்தான் வேண்டும். ஆனாலும் ஆயுத பூசைக்குப் படத்தின் கண்ணாடியைத் துடைப்பதோடு சரி. அவருக்கும் ஒரு மாலை வாங்கியிருக்கிறேன் என்று மகள் நீட்டினால், வாங்கிக்கொண்டுபோய் வாசலில் நிற்கும் அவளுடைய காரில் கட்டிவிட்டு வருகிறேன்.