அண்ணன் முகத்துச் சிப்பாய்

எழுபதுகளின் நடுவில் என் அண்ணன் ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தான். பக்கத்துக் கொட்டகையில் ஒரு சீனச் சிற்பி சிமெண்டில் சிங்கங்களும் கல்லறைப் பொம்மைகளும் செய்துகொண்டிருந்தார். நிபோங் திபால் போகும் சாலையோரம் அமையவிருந்த சிறிய போர் நினைவிடத்துக்கு ஒரு சிப்பாய் சிலை செய்யும் வேலை அவருக்கு வந்தது. முகத்துக்கு ஆள் தேடியவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவன் புருவமெல்லாம் வெள்ளைத் தூளோடு வந்தான்.

"மூஞ்சி முழுக்க பிளாஸ்டர் அப்பிட்டாரும்மா. மூக்குல ரெண்டு ஸ்ட்ரா. செத்தவன் மாதிரி படுத்துக் கிடந்தேன்."

"வாயக் கழுவுடா," என்று அம்மா திட்டினாள்.

அச்சு எடுக்கும்போது கண் மூடியிருந்ததால், கண்களைச் சிற்பி பிறகு தனியாகச் செதுக்கினார். சிலை திறப்புக்கு அண்ணன் மட்டும் போய் வந்தான். "மூக்கு, தாடை, உதட்டுத் தழும்பு எல்லாம் நான்தான். கண்ணுதான் யாருதுன்னு தெரியல லா," என்றான். அந்தத் தழும்பு, எனக்கு ஆறு வயதாக இருந்தபோது நான் வீசிய பால் டின் பட்டு வந்தது.

இரண்டு வருடம் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் அவன் மோட்டார் சைக்கிள் மீது லாரி மோதியது. சவப்பெட்டியை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள்.

முப்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் அம்மா சிலையைப் பார்க்க வேண்டும் என்றாள். தீவிலிருந்து ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய் பஸ் ஏறினோம். துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றிக்கொண்டு, தலை சற்றே குனிந்து அவன் நின்றான். அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்துத் தோளைப் பிடித்தேன். அவள் பின்வாங்கினாள்.

"இவன் என்னைப் பார்க்கறான். ஆனா இவனுக்கு என்னைத் தெரியலடி."

அதன்பிறகு அவள் வரவில்லை. நான் போனேன். அங்கே நிற்கும்போதெல்லாம் முதுகு சில்லிடும். ஆனாலும் அந்த முகம் வேறெங்கும் எனக்கு மிச்சமில்லை.

நாலைந்து வருடங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, என்னைவிடச் சற்று மூத்த ஒரு பெண் ஈரத்துணியால் சிலையின் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டிலிருந்து மாதம் ஒருமுறை வருவதாகச் சொன்னாள்.

"வீட்டுக்காரர் ஆர்மில இருந்தாரு. எல்லைக் காட்டுல குண்டு வெடிச்சுப் போயிட்டாரு. சிலை செய்யறப்ப அவர் போட்டோவ வாங்கிட்டுப் போனாங்க. மூஞ்சியத்தான் மாத்திட்டாங்க. கண்ணப் பாருங்க தங்கச்சி, அவரேதான்."

நான் சிலையின் கண்களை அண்ணாந்து பார்த்தேன்.

"நீங்க யாரைப் பார்க்க வந்தீங்க?"

"அண்ணனை."

"அவரும் ஆர்மியா?"

"ஆமாக்கா," என்று வாயில் வந்துவிட்டது.

பீடத்தில் இறந்தவர்களின் பெயர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்தன. தன் கணவர் பெயரை விரலால் தடவிக் காட்டிவிட்டு, அண்ணன் பெயர் எது என்று கேட்டாள். ஏதோ ஒரு பெயரின் மேல் விரலை வைத்தேன். கொண்டுவந்த பூவில் பாதியை அதன் கீழே வைத்து, கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த மாதம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் பெற்ற பிள்ளையின் பெயரோ அது. அடுத்த முறை அவள் வரும் ஞாயிற்றுக்கிழமை போய், பிளாஸ்டர் அச்சிலிருந்து மூடிய பெட்டிவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. சிலையை ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னை.

"அப்ப உங்க அண்ணன் மூஞ்சிக்குள்ள இருந்துதான் எங்க வீட்டுக்காரர் பார்க்கறாரா?"

பஸ் வரும்வரை இருவரும் சிலைக்கு முதுகைக் காட்டி நின்றோம். திரும்பிப் பார்க்க இருவருக்குமே தைரியம் வரவில்லை.