கோணல் தட்டு

போன மாதம் சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவின் ஒரு சந்துக் கடையில், மானம் போகிற மாதிரி ஒரு காரியம் செய்தேன். கோணலாக இருந்த ஒரு தட்டைக் காட்டி, “டேமேஜ் பீஸ்தானே... விலையைக் குறைச்சுக் கொடுங்க” என்று கேட்டுவிட்டேன்.

“அம்மா... சும்மா இரும்மா!” என்று என் மகள் வித்யா முழங்கையைக் கிள்ளினாள்.

கடைக்குள் நுழைந்ததிலிருந்தே நான் ஒரு மார்க்கமாகத்தான் இருந்தேன். ஒற்றை வாழைப்பழத்தைப் பைக்குள் நசுங்காமல் கொண்டுபோக, வாழைப்பழ வடிவத்திலேயே ஒரு டப்பா! பற்பசை ட்யூபைக் கடைசிச் சொட்டு வரை பிழிய ஒரு சாவி! ட்யூபை உருட்டி நசுக்க நமக்குத்தான் சப்பாத்திக் கட்டை இருக்கிறதே? இதையெல்லாம் ரூம் போட்டு யோசிப்பார்களோ என்று சிரித்துக்கொண்டே வந்தவள், அந்தத் தட்டிடம் மாட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் தாழ்வு. எதிர்ப்பக்கம் சுவர் மாதிரி எழும்பி, உள்பக்கமாக வளைந்திருந்தது. அடியில் ரப்பர் வளையம் வேறு.

கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. நாகூர்ப் பக்கம் பூர்வீகமாம். மூன்று தலைமுறையாக இங்கேதான்.

“டேமேஜ் இல்லக்கா. அது அப்படித்தான். இருங்க, காட்டுறேன்...”

மேஜை மேலிருந்த தன் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு பிடி பிரியாணியை அந்தத் தட்டில் போட்டார். ஸ்பூனை இடது கையில் பிடித்து, சோற்றைச் சுவர்ப் பக்கம் தள்ளினார். சோறு சுவரில் முட்டி, தானாக ஸ்பூனில் ஏறிக்கொண்டது. ஒரு பருக்கை வெளியே விழவில்லை. தட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

“எங்க வாப்பாவுக்கு ஒரு பக்கம் வராமப் போச்சுக்கா. ரெண்டு வருஷமா இதுலதான் சாப்பிடுறாங்க. அவங்களுக்காகத் தேடினேன். அப்புறம் கடையிலயும் வாங்கிப் போட்டேன்லா.”

பேரம் பேசாமல் பர்ஸை எடுத்தேன். வித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓராண்டாக என் வீட்டுக்காரரைக் கிண்டலடித்து இந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட எழுதவில்லையே, சண்டையா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். சண்டையெல்லாம் இல்லை. அவருக்குப் பக்கவாதம். நடை திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது. வலது கைதான் இன்னும் வரவில்லை.

ஊட்டிவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். இடது கையில் ஸ்பூன் பிடித்தால் பாதிச் சோறு வேட்டியில். “இடது கையால சிந்திச் சிந்திச் சாப்பிடுறதை நாலு பேர் பார்க்கணுமா?” என்பார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு எங்களோடு உட்காருவதையும் நிறுத்தினார். சிங்கப்பூரில், பொங்கோல் பகுதியிலிருக்கும் மகள் வீட்டுக்கு வந்தும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பாடு. அதுவும் கொஞ்சமாக. இரண்டாவது முறை கேட்பதேயில்லை. ஆள் பாதியாகிவிட்டார்.

அன்று ராத்திரி புதுத் தட்டில் சோறு போட்டு அறைக்குள் கொண்டுபோனேன்.

“என்ன இது?”

“இந்த ஊர்ல தட்டெல்லாம் இப்படித்தான்” என்று கூசாமல் புளுகினேன்.

“என்னை என்ன மடையன்னு நினைச்சியா? வச்சிட்டுப் போ.”

கதவு சாத்திக்கொண்டது. தட்டைத் தூக்கி எறிவாரோ? பட்டினி கிடப்பாரோ? வாசலிலேயே நின்றேன். கதவு திறந்தபோது தட்டு காலி. எட்டிப் பார்த்தேன். தரையில், வேட்டியில், எங்கேயும் ஒன்றுமில்லை. தட்டைக் கழுவி அவர் அறையிலேயே வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வித்யாவின் ஆபீஸ் தோழிகள் மூன்று பேர் சாப்பிட வந்திருந்தார்கள். வழக்கம்போல அவருக்கு உள்ளே கொண்டுபோகலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் கதவு திறந்தது. சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, இடது கையில் அந்தத் தட்டோடு நின்றார். நேரே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார்.

யாரும் அவரை வெறித்துப் பார்க்கவில்லை. சாம்பார் சாதம் முடிந்தது. அப்பளம் நொறுங்கியது. வித்யா மட்டும் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டாள்.

அந்தத் தட்டை யோசித்த மகராசன் யார்? மகராசியோ? அவர் வீட்டிலும் யாரோ ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டிருக்க வேண்டும். முகம் தெரியாத அந்த மனிதருக்கும், தன் மதியச் சோற்றைப் பிரித்துக் காட்டிய அந்தத் தம்பிக்கும் நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்?

ரசம் சாதத்தில் இரண்டு வாய் வைத்தவர் நிமிர்ந்தார்.

“ரசத்துல உப்பு பத்தல. இன்னும் ஒரு கரண்டி சாதமும் போடு.”

விருந்தாளிகள் முன்னால் என் சமையலைக் குறை சொல்கிற மனுஷன்! வேறு நாளாயிருந்தால் நடப்பதே வேறு. உப்பு எடுக்க அடுக்களைக்குப் போனவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வர ஐந்து நிமிஷம் ஆயிற்று.

குறை சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருப்பதும் ஒரு கொடுப்பினைதான், போங்கள்!