எழுநூறு பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை

என் மனைவி செல் உயிரியல் ஆராய்ச்சியாளர். இருபத்திரண்டு வருடத்தில் முப்பத்தொரு கட்டுரைகள். அவற்றில் முப்பதை விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் படித்திருப்பார்கள். நான் தலைப்பைப் படித்தேன், அதுவே பாதி புரியவில்லை. மிச்சம் இருந்த அந்த ஒன்றுதான் எங்களுக்குச் சோறு போட்டது. சிறுநீரக செல்களைப் பட்டினி போட்டால், கிழிந்த சவ்வை அவை தாமே சரிசெய்துகொள்கின்றன என்று அதில் எழுதியிருந்தாள். எழுநூறு பேர் தங்கள் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டினார்கள். வேலை நிரந்தரமானதும் தனி ஆய்வுக்கூடம் கிடைத்ததும் அதனால்தான். "டாக்டரம்மா, இன்னிக்கு எத்தனை?" என்று நான் கேட்பேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்வாள்.

ஆறு வருடத்துக்கு முன், புதிதாக அனுப்பிய வேறொரு கட்டுரைக்காக ஒரு ஆய்விதழ், செல்கள் எந்த வகை என்று பரிசோதித்துச் சான்று கேட்டது. புதுக் குப்பிகளோடு, அந்த எழுநூறு பேர் கட்டுரைக்குப் பயன்படுத்தி, உறைபெட்டியில் மிச்சம் கிடந்த பழைய குப்பி ஒன்றையும் சேர்த்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். பழைய குப்பியில் இருந்தது சிறுநீரக செல்லே இல்லை என்று முடிவு வந்தது. வேறொரு ஆய்வுக்காகப் பக்கத்துத் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல் அது. அந்தக் காலத்தில் சிக்கனம் பார்த்து, இரண்டு வகைக்கும் ஒரே பாட்டிலிலிருந்து வளர்ப்புத் திரவம் எடுத்திருக்கிறாள். ஒரு சொட்டு போதும். புற்றுநோய் செல் மளமளவென்று பெருகி மற்றதை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடும்.

இது யாருக்கும் நடக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கமெல்லாம் அதற்கு அப்புறம்தான். அன்று சாயங்காலம் அவள் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று இதைச் சொன்னபோது, நான் தட்டைக் கழுவிக்கொண்டே, "விடு. யாரு போய்த் தோண்டிப் பாக்கப் போறாங்க?" என்றேன். சொன்ன வாயை இப்போது என்ன செய்வது? அவளும் வெளியே மூச்சு விடவில்லை. அறிக்கையை மேசை இழுப்பறையில், ஃப்ரிட்ஜ் வாரண்டி அட்டைக்கு அடியில் வைத்தாள். எண்ணைக் கேட்பதை மட்டும் நான் நிறுத்திக்கொண்டேன்.

இந்த வருடம் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தாள். 'உங்கள் சிறந்த கட்டுரை' என்ற கட்டத்தில் அதையேதான் எழுதினாள். இன்டர்வியூவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வேறு ஊரிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். என் மனைவியின் கட்டுரையை நம்பி மூன்றரை வருடம் உழைத்தவள். அவள் வளர்த்தது நிஜமான சிறுநீரக செல். பட்டினி போட்டால் அது செத்துப்போனது, அவ்வளவுதான். கையில் ஒன்பது நோட்டுப் புத்தகங்கள்.

"தப்பு எங்கிட்டதான் இருக்கு மேடம். பக்கத்துல நின்னு பாத்து சொல்லுங்க."

என் மனைவியும் இரண்டு நாள் நின்று பார்த்தாள். அவ்வளவு சுத்தமான கையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னாள். அந்தப் பெண் செல் வகைக்கொரு பாட்டில் வைத்திருந்தாள், மூடியைக்கூட மேசையில் வைக்கவில்லை. ஆனால் அவளிடம் என் மனைவி சொன்னது வேறு.

"கை கொஞ்சம் அவசரப்படுதும்மா. நிதானம் பத்தலை."

அந்தப் பெண் அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. "கட்டுரைய வாபஸ் வாங்கிடறேங்க. என்னால முடியல."

எனக்குப் பதவி கண்ணை மறைத்தது. "வாங்கு, வேணாங்கல. இன்டர்வியூ முடியட்டும்." இன்டர்வியூ முடிந்தது. ரிசல்ட் வரட்டும் என்றேன். வந்தது, பதவியும் கிடைத்தது. பூங்கொத்தோடு எடுத்த படத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவளைப் போல நிற்கிறாள். மறுநாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதழுக்கு ஒரு கடிதமும், பதவி வேண்டாம் என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் அனுப்பினாள். கட்டுரையின் தலையில் இப்போது 'திரும்பப் பெறப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு அப்புறமும் பதினேழு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். திறந்து பார்த்தால்தானே!

கடிதம் அனுப்பிய கையோடு அந்தப் பெண்ணுக்கும் ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். பூசி மெழுகாமல், செல் மாறிப்போனதையும் ஆறு வருடம் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னாள்.

"நான் போன வாரமே படிப்ப விட்டுட்டேன் மேடம். கை சரியில்லாதவளுக்கு எதுக்கு லேப்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"திரும்பச் சேந்துக்கலாம்மா. உங்க கைடுகிட்ட நானே பேசறேன்."

"அப்போ என் கை சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியும்மா" என்றாள்.