ஃப்ளாப்பி டிரைவும் பொறுக்காத கையும்

பழைய கம்ப்யூட்டருக்கு ஃப்ளாப்பி டிரைவ் மாட்டிக்கொடுப்பது, சும்மா இருக்கத் தெரியாதவன் செய்யக் கூடாத தொழில். நான் பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். இதே தொழிலில் வாங்கிக்கட்டிக்கொள்ளும் சகோதரர்கள் யாராவது மிச்சமிருந்தால் நான் சொல்வது புரியும்.

ஆஜர் சொல்லாத டிரைவ்

கருவடிக்குப்பத்தில் ஒரு ரிட்டயர்டு பிரெஞ்சு வாத்தியார். அவருடைய பழைய கம்ப்யூட்டருக்கு வேறு டிரைவ் மாட்டினேன். அசையவில்லை. காரணம் சாதாரணம். டிரைவை ஆட்டிவைக்கும் கண்ட்ரோலர் அந்தக் கம்ப்யூட்டரில் 'பூஜ்யம்' என்று கூப்பிடும். நான் மாட்டியதோ 'ஒன்று' என்றால்தான் திரும்பும். எந்த எண்ணுக்குத் திரும்பணும் என்று டிரைவில் குறித்துவைக்கும் சின்ன ஜம்பரை நகர்த்தினால் தீர்ந்தது. தெரிந்தும், முதலில் கேபிளைப் பிடுங்கினேன், போர்டைக் கழற்றினேன், பவர் சப்ளையைத் திட்டினேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஜம்பர் ஞாபகம் வந்தது. விளக்கு எரிந்ததும் வாத்தியார் காபியை நீட்டினார்.

"முசியே, ரிப்பேரு அஞ்சு நிமிஷந்தான். மீதியெல்லாம் உங்க பரபரப்பு."

நெல்லித்தோப்பு மிஷின்

நெல்லித்தோப்பில் தாஜுதீன் பாய் எம்ப்ராய்டரி கடை வைத்திருக்கிறார். ஃப்ளாப்பியிலிருந்து டிசைனைப் படித்துத் தைக்கும் மிஷின், டிரைவ் செத்துவிட்டது. இளைய மகள் நிக்காஹ்வுக்கு எட்டே நாள். அவள் சேலைக்கு வேண்டிய பூக்கொடி, அவள் அம்மா வரைந்து ஃப்ளாப்பி டிஸ்க்கில் ஏற்றியது. அந்த அம்மா இப்போது இல்லை. ஜம்பரை ஒழுங்காக முதலிலேயே மாற்றி, புது டிரைவை மாட்டினேன். கிளம்பும்போது அந்த டிஸ்க்கைக் கையில் கொடுத்து, ஒரு நகல் எடுத்துத் தரச் சொன்னார் பாய்.

"பாத்துத் தொடுங்க தம்பி. அவ போட்டது இது ஒண்ணுதான் இருக்கு."

ஒரே ஒரு பட்டன்

டிஸ்க்கின் மூலையில், அது எந்த ரகம் என்று காட்டும் ஒரு ஓட்டை. பாயின் மிஷின் அதைக் கண்டுகொள்ளாது. என் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும், கண்டால் டிஸ்க்கைத் தப்பாகப் படிக்கும். ஓட்டைமேல் டேப் ஒட்டிவிட்டுப் போடணும். டேப்பைத் தேட எனக்குப் பொறுமையில்லை. "டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, செய்யட்டுமா?" என்று திரை கேட்டது. படித்து முடிப்பதற்குள் விரல் 'ஆம்' அழுத்திவிட்டது, டிஸ்க் அழிய ஆரம்பித்தது.

டிஸ்க்கை உடனே பிடுங்கினேன். மூன்று நாள் போராடி மற்ற டிசைன்களை மீட்டேன். பூக்கொடி வரவில்லை. டிஸ்க்கில் முதலில் எழுதியது அதுதான், முதலில் அழிந்ததும் அதுதான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. உள்ளே போய், அதே கொடி தைத்த மூத்த மகளின் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்து என் மடியில் விரித்தார்.

"ஒவ்வொரு தையலா எண்ணி மிஷின்ல ஏத்துங்க. முடியறவரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

நிக்காஹ்வுக்கு முந்தின நாள் ஏற்றி முடித்தேன். அந்த அம்மா வரைந்த கொடியில் ஓர் இலை மட்டும் கோணல், நேராக்கச் சொல்லி விரல் துடியாய்த் துடித்தது, பதினெட்டு வருஷத்தில் நான் நோண்டாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.