கால் மைலுக்கு இருபதாயிரம்

இருபதாயிரம் ரூபாய்க்கு ரேஸ் இஞ்சின் கட்ட முடியாது என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆசை வாயை அடைத்துவிட்டது.

அப்போது நான் பண்டாரவளையில் ஒரு கராஜில் மெக்கானிக். முதலாளிக்குப் பதுளையில் புடவைக் கடை. கராஜ் அவருக்குப் பக்கத் தொழில், கார் ஓட்டம் பைத்தியம். இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து, கொழும்பில் சாமான் கிடைக்கத் தொடங்கிய நேரம் அது. கடலோரத்துப் பழைய விமான ஓடுபாதை ஒன்றில் கால் மைல் நேர் ஓட்டப் போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தன் பழைய இங்கிலீஷ் காரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பாஸ், இதுல ஜெயிச்சா பெரகல சந்தியில உங்களுக்குத் தனிக் கராஜ் போட்டுத் தாறேன்" என்றார். எங்கள் பக்கம் மெக்கானிக்கை, முதலாளியே ஆனாலும், பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெரகல சந்தி என்றால், மேடு ஏறி வரும் லொறிகள் ரேடியேட்டர் கொதித்து நிற்கும் இடம். அங்கே கராஜ் வைத்தவன் பட்டினி கிடக்க மாட்டான். அவர் பார்த்து வைத்திருந்த கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு அறைகளும் இருந்தன. என் மனைவி அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுப்பு எந்த மூலையில் என்றுகூட முடிவு செய்துவிட்டாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒரே காம்பராவில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம்.

கொப்பித் தாளில் பட்ஜெட் எழுத உட்கார்ந்தேன். வால்வைத் தூக்கும் கேம் ஷாஃப்டைப் பெரிதாகப் போட்டால் பழைய வால்வ் ஸ்பிரிங் தாங்காது. ஸ்பிரிங்கை மாற்றினால் வேகம் கூடி கிளட்ச் வழுக்கும். கிளட்சையும் மாற்றினால் கியர் பெட்டி பல்லை உதிர்க்கும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதுதான். முதலாளியோ இருபதாயிரத்துக்கு மேல் ஒரு சதமும் இல்லை என்பார். அதே மனிதர் வாராவாரம் பதுளையிலிருந்து வந்து, "இன்னும் பத்துக் குதிரை கூட்டேலாதா பாஸ்?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டயருக்கு வைத்த காசைப் பிஸ்டனுக்கு மாற்றினேன். பெயின்ட் செலவைத் தாளிலிருந்தே அடித்துவிட்டேன்.

கடைசியில் கொழும்பில் ஒரு பெரிய காபரேட்டர் விலைக்கு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கும் பைத்தியம் பிடித்தது. தாளில் மிச்சமிருந்த செலவு ஒன்றே ஒன்று. போட்டிக்கு ஒரு வாரம் முன்பே காரைக் கடலோரத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்து, காபரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை அங்கே தேவைப்படும் அளவில் வாங்கி மாட்டும் செலவு. இங்கே ஓடுகிற கார் அங்கே ஓடாதா என்று அதை வெட்டி, அந்தக் காசில் காபரேட்டரை வாங்கினேன். முதலாளி வெட்டச் சொல்லவில்லை. நானேதான் வெட்டினேன்.

எங்கள் ஊவா மலைநாட்டில் கால் மைல் நேர் ரோட்டைத் தேடிப் பாருங்கள், தெரியும். தியத்தலாவைப் பக்கம் கிடைத்த ஒரு துண்டு ரோட்டில் விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தோம். கார் பறந்தது. முதலாளி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

போட்டியன்று அந்த வெயிலில் கார் பாதித் தூரம்கூடப் போகவில்லை. புகை கிளம்பியது, சத்தம் நின்றது. இஞ்சின் ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது பிஸ்டனில் விரல் நுழையும் ஓட்டை. மலையில் காற்று மெலிது. அதற்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்து வைத்திருந்தேன். கடலோரத்தில் காற்று கனம், அந்தப் பெட்ரோல் போதாமல் சூடேறிப் பிஸ்டன் உருகிவிட்டது. எனக்குத் தெரியாத விஷயமா இது? கொழும்பிலிருந்து ஏறி வரும் கார்கள் கரும்புகை கக்கினால், பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்துக் கூலி வாங்கியவன் நான். இறங்கிப் போகும்போது கூட்ட வேண்டும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

காரை லொறியில் ஏற்றித் திரும்பினோம். பெரகலயில் லொறிக்குத் தண்ணீர் ஊற்ற நின்றபோது, தேத்தண்ணிக் கடையில் முதலாளி பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கராஜுக்கு எண்டு ஒதுக்கின காசு அப்படியே இருக்கு பாஸ். தோத்தாலும் நான் சொன்ன சொல்லு சொல்லுதான். ஒண்டு, நாளைக்கே கட்டடத்த எடுப்பம். இல்லாட்டி அந்தக் காசுல இன்னொரு இஞ்சின், இந்த முறை சரியாக் கட்டுவம். எது எண்டு நீங்களே சொல்லுங்க."

கட்டடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"இஞ்சின்" என்றேன்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மனைவி கேட்டாள்: "என்னங்க, பெரகல என்னாச்சு?"

"தோத்துட்டோம்ல. தர முடியாதுன்னுட்டாரு" என்றேன்.

அவள் முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.